ஒன்பது துண்டில் ஒரு பெயர்

நான் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. தரை எந்நேரமும் ஈரமாகத்தான் இருக்கும். மருந்து கலந்த தண்ணீர் வெறுங்காலில் பட்டால் எரியும். புது இடம், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஓரமாக நின்று வாரில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். மடிப்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் செருப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டாள். என்னுடையதை இழுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கதை பேசிக்கொண்டே இதைச் செய்தாள். மாலையில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"அது உங்க கால்லயே இருக்கட்டும்க்கா. எனக்கு உக்காந்து செய்யற வேலைதானே" என்றாள்.

என் செருப்புக்கு வார் தைத்து அவளே வெகுநாள் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

கூடத்தில் எல்லோரும் அவளைக் 'கட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து மேசை மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுவாள். சில கட்டங்களை அடைப்பாள், சிலதைப் பாதி அடைப்பாள், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவாள். தாயம் ஆடுகிறாளோ என்று முதலில் நினைத்தேன்.

"என்னம்மா அது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"க."

"க-வா? இப்படியா இருக்கும்?"

"இன்னும் வரலைக்கா. வந்துட்டா நீங்களே சொல்வீங்க."

அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஆஸ்பத்திரி லிஃப்டில்தானாம். துவைத்த விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிக்கு மாடி போய்வருவது அப்போது அவள் வேலை. லிஃப்டுக்குள் கதவுக்கு மேலே மாடி எண் சிவப்பு வெளிச்சத்தில் வரும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

"ஏழே ஏழு குச்சிதான்க்கா அதுல. எதை எரிய விடறோம், எதை அணைக்கிறோம்ங்கறதுதான் விஷயம். அந்த ஏழுல எல்லா எண்ணும் வந்துடுது. அப்போ நம்ம எழுத்து அத்தனையும் எத்தனை துண்டுல வரும்? யாராவது பாத்திருப்பாங்களா?"

எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து என்றால் அது இருக்கிறபடி இருக்கும், நாம் படிக்கவேண்டும், அவ்வளவுதான் என்று இருந்தவள். அதை யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

இவளைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் கூடுகிற இடம் ஒன்று உண்டு. யாருக்கும் அது பிழைப்பு இல்லை. திரையில் கணக்குத் தாள் மாதிரி கட்டங்கள் வரும். பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுகள்: முழுச் சதுரம், கால் வட்டம், குறுக்கே வெட்டிய முக்கோணம், மெல்லிய பட்டை என்று. குழந்தைகள் கட்டை அடுக்குவதுபோல அவற்றைக் கட்டத்துக்குள் அடுக்கி எழுத்துச் செய்யவேண்டும். எல்லா எழுத்தும் முடிந்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பொதுவில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டு மாற்றியும் அடுக்கலாம். நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்று எழுதுவார்கள். இல்லையென்றால் அதையும் எழுதுவார்கள்.

அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். இரண்டே அறை. அண்ணன் மெக்கானிக், பழைய சாமானைத் தட்டி உயிர் கொடுப்பதில் கெட்டிக்காரர். யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சரிசெய்து தங்கைக்குக் கொடுத்தார். அதை வைக்க இடம் இல்லாமல் தையல் மிஷின் மேல் வைத்திருந்தார்கள். அண்ணிக்குத் தைக்கவேண்டும் என்றால் இவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவேண்டும்.

நான் ஒருமுறை போயிருந்தபோது அண்ணி என்னிடம் முறையிட்டார். "நீங்களாவது சொல்லுங்க. லீவு நாளானா பொழுதுக்கும் கட்டம். நல்ல எழுத்து ஏற்கெனவே இருக்கே, அதுல என்ன குறைன்னு இவ புதுசா செய்யறா?"

"நல்ல குழம்பு ஏற்கெனவே இருக்கே அண்ணி, நீங்க ஏன் தினம் புதுசா வைக்கிறீங்க?" என்றாள் கட்டம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தீங்களா வாயை" என்று அண்ணி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சண்டை எப்போதும் இப்படித்தான் பாதியில் நின்றுவிடும்.

அந்தக் கூட்டத்தில் நம் எழுத்தைச் செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்குள் ஒரு போட்டி. யார் மிகக் குறைந்த துண்டில் முழு வரிசையையும் செய்வது என்று. ஒரு துண்டை எப்படித் திருப்பி வைத்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். புது வடிவம் ஒன்று தேவைப்பட்டால்தான் எண்ணிக்கை ஏறும். வேறு தேசத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் பத்துத் துண்டில் முடித்து முதல் இடத்தில் இருந்தார். கட்டத்துக்கு அந்தப் பத்து தொண்டையில் மாட்டிய முள். ஒன்பதில் முடிப்பேன் என்று நின்றாள். ங-வுக்காக ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டெறும்பு மாதிரி நின்றன. பிறகு ஒரு நாள் வேலைக்கு வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஒன்பதுக்கா" என்றாள். சாக்குக்கட்டி எடுத்து மேசையில் பெரிதாக 9 என்று போட்டாள்.

அன்றைக்குக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் கணக்கில் டீ. எதற்கு என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாக ஒருத்தி மாடி வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். ரொட்டிக்கடைக்காரரும் பெரிய மனதோடு வாழ்த்து எழுதியிருந்தார்.

ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று இருந்தது. ஜ, ஷ, ஸ, ஹ என்று நாலு எழுத்து உண்டே, அவற்றை அவள் செய்யவில்லை. அந்தக் கூட்டத்தின் விதிப்படி அது தப்பில்லை. செய்தாலும் சரி, விட்டாலும் சரி.

"ஷ ஒண்ணு போதும்க்கா, கழுத்தை அறுக்க. அதுல குறுக்கே ஒரு கோடு வெட்டிட்டுப் போகுதில்ல, அது ஒன்பதுக்குள்ள வராது. தலைகீழா நின்னு பாத்துட்டேன். சேத்தா எண்ணிக்கை ஏறிடும். அதான் விட்டுட்டேன்" என்றாள். விரிப்பு மடிக்கும்போது கறை பட்டதைத் தனியாக எடுத்துப் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து டைல்ஸ்காரர் ஒருவர் அவளுக்கு எழுதினார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வயதாகி வேலையை விட்டவர். பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் வேறு ஊர். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் நடைச் சுவரில் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேர் பெயரையும் மண் ஓட்டில் பதிக்கப்போவதாகவும், அதற்கு இவள் எழுத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓடு, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு அச்சு. 'ஒன்பது அச்சு என்றால் என்னால் முடியும். அதற்கு மேல் செதுக்கக் கை ஒத்துழைக்காது. அதனால்தான் உங்களுடையதைத் தேடி வந்தேன்' என்று எழுதியிருந்தார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. திரையில் இருந்த எழுத்து சுவருக்குப் போகிறது என்றால் சும்மாவா. அவர் போட்டோ அனுப்ப அனுப்ப எனக்குப் போனில் காட்டுவாள். அச்சில் மண்ணை அழுத்தியது, நீலப் பூச்சுப் பூசியது, சூளையில் சுட்டது, வாளி வாளியாகக் குவித்தது என்று ஒவ்வொன்றாக வந்தன. பிறகு சுவரில் ஒவ்வொரு பெயராக ஏறியது. படிக்கத் தெரிந்த பெயர்களை நான் வாய்விட்டுப் படிப்பேன். அவள் தன் பிள்ளைக்கு மார்க் வந்த மாதிரி கேட்டுக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் அவள் முகத்தில் ஈயாடவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். டைல்ஸ்காரர் எழுதியிருந்தார்: 'ஜ, ஸ உள்ள பெயர்களை நானே எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன், பரவாயில்லாமல் இருக்கிறது. கடைசியாக ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் பெயரின் நடுவில் ஷ வருகிறது. எவ்வளவோ பார்த்தேன், வரவில்லை. சூளையை மழைக்காக அணைத்துவிட்டார்கள். புது வடிவம் சுட முடியாது. பள்ளி திறக்கிற அன்று சுவரைத் திறக்கிறார்கள். அந்த ஒரு எழுத்தை மட்டும் பெயின்டில் எழுதிக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொல்கிறார். நல்ல மனுஷி, வேறு வழி இல்லாமல்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பெண், "என் பேரு மட்டும் பெயின்டா?" என்று கேட்கிறாள். உங்களால் ஏதாவது செய்ய முடியுமா?'

கட்டம் போனை வாங்கி இடுப்பில் செருகினாள். அன்று முழுக்க அதே வேலைதான். மேசையில் கட்டம் போட்டாள், துடைத்தாள், போட்டாள், துடைத்தாள்.

வீட்டிலும் அதே கதைதான் என்று அண்ணி சொன்னார். கூட்டத்தில் கேட்டுப் பார்த்தாள். ஒன்பதுக்குள் ஷ வராது, விட்டுவிடுங்கள், ஒன்பது சுத்தமாக இருக்கட்டும் என்று எழுதினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும், தன் பத்திலும் அது கிடையாது, தானும் விட்டுவிட்டுத்தான் எண்ணியதாக எழுதினார்.

"வராதுன்னா வராதுதானேம்மா. நீ என்ன செய்வே" என்றேன் நான், அவள் வேதனைப்படுவது பொறுக்காமல்.

"வராதுன்னு சொன்னது யாரு? நான்தானே. சொன்னவளே போய்ப் பாக்கறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "நீங்களும் வர்றீங்களாக்கா? முகம் தெரியாத ஆளு, தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணத்துக்குப் போவாங்க, சாவுக்குப் போவாங்க. ஒரு எழுத்துக்காக பஸ் ஏறிப் போறவங்களை இப்பத்தான் பாக்கறேன். போய்ட்டு வா, வரும்போது எனக்கு ஒரு ஃ வாங்கிட்டு வா."

விடிந்ததும் கிளம்பினோம். பஸ்ஸில் நான் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினம் காலையில் எனக்கு அது உண்டு. கட்டத்துக்கு அதிலெல்லாம் பிடிப்பு இல்லை.

"அக்கா, அப்படியே உங்க ஆளுகிட்ட என் விஷயத்தையும் காதுல போட்டு வைங்க. ஷன்னு சொல்லுங்க, போதும்."

கிண்டலாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். நோய்க்கு வேண்டியிருக்கிறேன், மழைக்கு வேண்டியிருக்கிறேன், ஒரு எழுத்துக்காக வேண்டியது அன்றைக்குத்தான்.

டைல்ஸ்காரர் பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். முட்டி போட்டே வேலை செய்து பழகியதால் இரண்டு முட்டியிலும் பஞ்சு கட்டியிருந்தார். நடக்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

"நீங்கதானா? நான் என்னவோ பெரிய உத்தியோகத்துல இருக்கறவங்கன்னு நினைச்சேன்" என்றார் கட்டத்தைப் பார்த்து.

"நானும் உங்களை இளவட்டம்னு நினைச்சேன்" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் கூச்சம் போய்விட்டது.

உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். போட்டோவில் பார்த்தது வேறு. நீளமான நடை, ஜன்னல் வெளிச்சம் விழுகிற வெள்ளைச் சுவர், அதில் நீல நீலமாக வரிசையாகப் பெயர்கள். தொட்டால் விரலில் தட்டுப்பட்டன. கட்டம் எதையும் தொடாமல் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் ஒரு பெயர். முன்னால் எழுத்து இருந்தது, பின்னால் எழுத்து இருந்தது. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சுவர். விழுந்த பல்லின் இடம் மாதிரி இருந்தது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியும் அங்கேயே இருந்தாள். விடுமுறைதான், ஆனால் அம்மா பள்ளியைப் பெருக்குகிறவர், அதனால் கூட வந்திருந்தாள். எட்டு வயது இருக்கும். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது, கையில் ஒரு சீப்பு.

"நீங்கதான் என் எழுத்தை விட்டவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான்தான்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. வேணும்னுதான் விட்டேன்."

"ஏன்?"

"சேத்தா எண்ணிக்கை கூடிடும்னு."

"என்ன எண்ணிக்கை?"

கட்டம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "ஐயா, மிச்ச ஓட்டைக் கொட்டுங்க" என்றாள்.

ஒரு பலகையில் மணல் பரப்பி அதன் மேல் ஓடுகளை அடுக்கிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் அவள் கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இடது பக்கச் சுழி வந்தது, கீழ்ப் படுக்கை வந்தது, வலது கால் வந்தது. குறுக்கே வெட்டிப் போகிற கோடுதான் வரவில்லை. ஒரு கட்டம் மேலே வைத்தால் தலையில் முட்டியது, ஒரு கட்டம் கீழே வைத்தால் சுழியை அடைத்தது. இரண்டுக்கும் நடுவில் கட்டமே இல்லை.

"பட்டையைப் பாதியா வெட்டிடவா?" என்று டைல்ஸ்காரர் வெட்டுகிற மிஷினைக் கொண்டுவந்தார். விரல் அகல ஓடு, அதில் பாதி என்றால் எவ்வளவு இருக்கும். மிஷின் பட்டதும் நொறுங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தார், அதுவும் போயிற்று.

"போதும் ஐயா. அந்த வடிவத்துல மிச்சமே கொஞ்சம்தான் இருக்கு" என்று கட்டம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தலைமை ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்ததே பெரிசும்மா. முடியலைன்னா விடுங்க, பெயின்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அதே நீலம் கலந்து தருவார்" என்றார் தன்மையாக.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன்."

வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து கூரைக்குப் போனது. நான் சிறுமியின் தலையைப் பின்னிவிட்டேன். அடுக்கினார்கள், கலைத்தார்கள். கடைசியில் டைல்ஸ்காரர், "சுவர்ல வச்சா கண்ணுக்கு வேற மாதிரி தெரியலாம், மணல்ல ஒண்ணும் புரியலை" என்று ஈரச் சிமெண்டைப் பூசி, இருந்ததில் தேவலாம் போன்ற ஒன்றை அந்த வெற்றிடத்தில் ஒட்டினார். நன்றாக இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது. சிறுமி மரியாதைக்காகத் தலையை மட்டும் ஆட்டினாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "டீயைக் குடிச்சிட்டு வந்து பிரிச்சிடலாம்" என்று வெளியே போனோம்.

திரும்பி வந்தபோது சிமெண்ட் கொஞ்சம் நெகிழ்ந்து, குறுக்குப் பட்டை தான் இருந்த இடத்திலிருந்து பாதிக் கட்டம் கீழே இறங்கியிருந்தது.

"அடடா, சரிஞ்சுடுச்சே" என்று டைல்ஸ்காரர் அதை மேலே தள்ளக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க" என்றாள் கட்டம்.

அவள் தலையைச் சாய்த்து, மேசையில் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். சிறுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அதான்" என்றாள் சிறுமி. "கொஞ்சம் கோணலா இருக்கு. ஆனா அதான்."

"ஐயா, கட்டத்துக்கு நடுவுல வைக்கலாம்" என்றாள் கட்டம் மெதுவாக. "திரையில கட்டத்தை விட்டு நகராது. அதையே பாத்துப் பாத்து நானும் நகரலை. சுவர்ல கோடா போட்டிருக்கு? பாதி நகர்த்தி வைக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "உங்க ஆளுக்குச் சிமெண்ட் வேலை தெரியும்போல."

"எல்லா வேலையும் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. பட்டை இறங்கிய இடத்தில் மேலே சந்து விழுந்திருந்தது. ஒன்றை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பது உறவு முறிந்த மாதிரி தனியாக நின்றது. எல்லாவற்றையும் உரித்தெடுத்து, ஓடுகளைக் கழுவி, மறுபடி மணலில் முதலிலிருந்து தொடங்கினாள். சுழியைப் பாதி ஏற்றினாள், காலைப் பாதி இறக்கினாள். டைல்ஸ்காரர் முட்டியில் நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பெயின்டர் நீலம் கலந்த டப்பாவோடு வந்துவிட்டார். அவரும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொண்டார். "அந்தக் கால் வட்டத்தைத் திருப்பிப் போடுங்களேன்" என்று யோசனை வேறு சொன்னார். அது சரியான யோசனையாகவும் இருந்தது.

இருட்டுவதற்குள் ஷ சுவரில் ஏறிவிட்டது. ஒன்பது வடிவத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. சிறுமி தன் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். நடு எழுத்தில் சிமெண்ட் காயவில்லை என்று டைல்ஸ்காரர் அவள் விரலைத் தூக்கித் தாண்டவைத்தார். அவள் அம்மா துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் சிறுமியிடம், "உன்னை விட்டதுக்கு மன்னிச்சுக்கோம்மா" என்றாள். "பரவால்ல" என்றாள் சிறுமி பெரிய மனுஷி மாதிரி.

ஊருக்கு வந்ததும் கட்டம் சுவரின் போட்டோவைக் கூட்டத்தில் போட்டாள். பாராட்டு குவிந்ததாம். அதில் ஒருவர் மட்டும், பாதிக் கட்டம் நகர்த்தினால் அது பழைய கட்டமே இல்லையே, அப்படியானால் இதை ஒன்பதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்காகச் சிலர் சண்டைக்கு நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர்கூட இவள் பக்கம்தான் பேசினார். கட்டமே நடுவில் புகுந்து, 'அவர் சொல்வது சரி. ஷ வந்தால் கட்டம் மாறுகிறது. ஷ இல்லாவிட்டால் பெயர் போகிறது. அதனால் என் ஒன்பதை முதல் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று எழுதிவிட்டாள்.

அண்ணிக்குத்தான் ஆறவே இல்லை. "வருஷக்கணக்கா என் மிஷினைப் பிடுங்கி வச்சுக்கிட்டு வாங்கின பேரை இப்படித் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கறா பாருங்க. கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள் அவள். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தானே தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, அண்ணி தைத்து முடிக்கும் வரை துணியைப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் வேலைக்கு வந்தபோது சாக்குக்கட்டி மறுபடி அவள் கையில் இருந்தது. மேசையின் முதல் கட்டத்தில் அவள் ஆரம்பித்தது க-வில் இல்லை, ஷ-வில்.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் பார்த்தேன். முன்பெல்லாம் வராத எழுத்தை ஓரம் கட்டிவிட்டு வருவதைச் செய்வாள். இப்போது வராததை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். எத்தனை துண்டு ஆயிற்று என்று நாங்கள் கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்லமாட்டாள்.

கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரி சலவை வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் போனோம். அவளுக்கு வேறு ஒரு விடுதியில் துணி மடிக்கிற வேலை கிடைத்தது. எனக்கு முட்டி வலி, மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நான் கிளம்புகிற அன்று கட்டம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள். என் மூட்டையைப் பிடுங்கித் தானே மேலே ஏற்றினாள். இறங்கி வந்து நின்றாள். இரண்டு பேரும் பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு போனில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்துக்கொள்ள ஆண்டவன் இன்னும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அன்று பஸ் ஏறுவதற்கு முன்னால், கேட்கலாமா வேண்டாமா என்று இருந்து, கடைசியில் கேட்டேவிட்டேன். "அந்த ஒன்பது போனதுல உனக்கு வருத்தம் இல்லையாம்மா?"

"இருந்துச்சுக்கா, இல்லைன்னு சொன்னா பொய்" என்றாள் அவள். "இப்ப கட்டத்தை நகர்த்தாமலே எல்லா எழுத்தும் சேத்துப் பதினாலு துண்டு வச்சிருக்கேன். யார் பேரு வந்தாலும் எழுதலாம். இனிமே இங்கேருந்து குறைச்சுக்கிட்டு வரேன். நீங்க ஏறுங்க, டிரைவர் முறைக்கிறாரு."